பாய்லர் பலகையில் வைத்த கட்டுச்சோறு

அன்றைக்கு இருந்தவர்கள்: செக்கிங் அக்கா. ஓவர்லாக் அடிக்கிற ஊத்துக்குளிக்காரம்மா. பேக்கிங்கில் நிற்கிற ஒடிசாக்காரர். சிங்கர் மிஷினில் தைக்கிற விருதுநகர்ப் பெண், வயிற்றில் ஏழு மாதம். அயர்ன் போடுகிற நான்.

ஞாயிற்றுக்கிழமை. வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனியில் அன்று வேறு யாரும் இல்லை. மிச்சமிருந்த பனியனை முடித்துப் பெட்டி கட்ட வந்திருந்தோம்.

அந்தப் பெண் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அம்மா வீட்டில் பேச்சு இல்லை. எங்கள் பக்கம் மாசமாக இருக்கிறவளுக்கு அம்மா வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து போடுவார்கள். ஐந்து வகை, ஏழு வகை என்று ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இவளுக்கு யார் கொண்டுவருவது? திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கும் வரமாட்டாள். இன்றைக்கு விட்டால் இல்லை. நாங்களே போடுவது என்று பேசிக்கொண்டோம்.

செக்கிங் அக்கா தயிர்ச்சோறு. ஊத்துக்குளிக்காரம்மா தேங்காய்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலும், இரண்டிலும் அவர் ஊர் நெய். ஒடிசாக்காரர் போனைப் பார்த்து எலுமிச்சைச்சோறு கிண்டினார். என் வீட்டில் புளிச்சோறு. விடிகாலை ஐந்து மணிக்கே எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. எட்டு மணிக்கு ஐந்து தூக்குப்போசியும் வந்துவிட்டன.

எப்போதும் சாப்பாட்டை ஜன்னலோரம்தான் வைப்போம். அன்றைக்கு நான்தான் எடுத்துப் போய், அயர்னுக்கு ஆவி கொடுக்கிற பாய்லர் பக்கத்துப் பலகையில் வைத்தேன். அங்கே வெதுவெதுப்பு நாள் முழுக்க இருக்கும். பிள்ளைத்தாய்ச்சி சூடாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து அவளை நடுவில் உட்கார வைத்தோம். தலை நிறையப் பூ.

செக்கிங் அக்காவுக்கு ஒரு பழக்கம். பெட்டிக்கு ஒரு பீஸ் எடுத்துப் பார்ப்பார். அது சரியென்றால் பெட்டியே சரி. அதே கையோடு ஒரு போசியைத் திறந்து மோந்து பார்த்தார். என் வீட்டுப் புளிச்சோறு.

பாஸ் என்றார். ஐந்தும் பாஸ் ஆகிவிட்டது.

அந்தப் பெண் தயிர்ச்சோற்றைத் திறந்தாள். மூடி புஸ்ஸென்றது. அவளுக்கு நல்ல பசி. ஒரு கை அள்ளி வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். அக்கா எட்டி மணிக்கட்டைப் பிடித்தார்.

புளித்த வாடை எல்லார் மூக்கிலும் ஏறியது. மறுபடியும் புஸ்ஸென்று கேட்டது. இந்தத் தடவை போசி இல்லை. சிரிப்பை அடக்கப் பார்த்து அந்தப் பெண்ணின் மூக்கு வழியாக வந்த சத்தம்.

அதற்குமேல் யாராலும் முடியவில்லை.

அக்கா சிரித்துக்கொண்டே சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்தார். துணியில் கறை, ஓட்டை இருக்கிற இடத்தில் ஒட்டுவது. முதல் அம்பைத் தன்னுடைய தயிர்ச்சோற்றுப் போசியில் ஒட்டினார். தேங்காய்ச்சோறு மோந்தார். அம்பு.

ஊத்துக்குளிக்காரம்மாவுக்கு ரோஷம். "எங்கூர் நெய்யி கெடவே கெடாதுங்க."

"நெய்யி கெடலீங்க. தேங்காதான் கெட்டுப்போச்சுங்க" என்றார் அக்கா.

பொங்கலில் பால் சேர்த்திருந்தார். நுரை கட்டியிருந்தது. எலுமிச்சைச்சோறு கெடாது என்று நான் நினைத்தேன். ஒடிசாக்காரர் அதில் அவித்த உருளைக்கிழங்கைப் பிசைந்து போட்டிருக்கிறார். கேட்டால், ருசிக்கு என்றார். இரண்டு விரலில் தொட்டுப் பிரித்தார், கொழகொழவென்று இழுபட்டது. அவரே ஒரு அம்பு வாங்கி ஒட்டினார். அம்பு ஒட்டாமல் மிஞ்சியது என் புளிச்சோறு மட்டும்தான்.

காலையில் செய்தது எப்படி இப்படி ஆகும், எங்கே வைத்தீர்கள் என்று அக்கா கேட்டார்.

"நான்தாங்க. பாய்லர் பக்கத்துல. சூடாத் திங்கட்டும்னு."

"சோறு வெச்சீங்களா, இல்ல தோச மாவு புளிக்க வெச்சீங்களா?" என்று கேட்டு, என் சட்டைப்பையில் ஒரு அம்பு ஒட்டினார்.

விருதுநகர்ப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "அப்ப எனக்கு ஒரு வகைதானாக்கா?" என்றாள். கண் நனைந்திருந்தது. சிரித்ததில் நனைந்ததா, தெரியவில்லை.

அக்கா எழுந்தார். "இன்னும் நாலு வகதான கண்ணு. வா."

கண் முன்னால் வேகிறது, இல்லாவிட்டால் தோலோடு இருக்கிறது, இரண்டைத் தவிர வேறு ஆகாது என்று சொல்லிவிட்டார். எதிர் டீக்கடைக்கு ஐந்து பேரும் வரிசையாகப் போனோம். நான் புளிச்சோற்றைத் தூக்கிக்கொண்டேன்.

வாழைப்பழம் தோலோடு. இளநீர் எங்கள் முன்னால் வெட்டினார்கள். முட்டையை எங்கள் முன்னால் உடைத்து ஆம்லெட் போட்டார்கள். அக்கா நன்றாக வேகட்டும் என்று இரண்டு தடவை திருப்பச் சொன்னார். கடைசியில் வடை. மாவு எப்போது அரைத்தது, காட்டுங்கள் என்று எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

கம்பெனிகளுக்கு ஆடிட் என்று சோதனை போட ஆள் வருவது கடைக்காரருக்கும் தெரியும். என் சட்டையிலிருந்த அம்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஏனுங்க, வடைக்குமா ஆடிட்டு வந்துருக்குது?"

ஒடிசாக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. ஊத்துக்குளிக்காரம்மா பெஞ்சில் சாய்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். எனக்கு அது வழக்கமில்லை. தாடை வலித்தது.

ஐந்து வகை ஆயிற்று. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினோம். அவள் எல்லாவற்றையும் முடித்தாள். வடையில் மட்டும் நிற்கவில்லை. சட்டியிலிருந்து வர வர எடுத்தாள். அக்கா போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே எண்ணினார். மறுநாள் போன் போட்டுக் கேட்டோம். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்கினேன் என்றாள்.

அக்கா எண்ணியதில் வடை ஒன்பது. அதுவும் ஒற்றைப்படை.