ஏட்டய்யாவின் மூக்கும் என் தலைசுற்றலும்

எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். பாயில் வலப்பக்கம் புரண்டேன். உடனே கூரை உத்தரம் இடப்பக்கம் புரண்டது. கண்ணைத் திறந்தால் வீடு சுற்றியது; மூடினால் நான் சுற்றினேன். வாடகை வீடு, அதைச் சிரமப்படுத்துவானேன் என்று மூடிக்கொண்டேன்.

"மணி என்னா ஆவுது, எழுந்திரிங்க" என்றாள் மனைவி.

"வீடு நிக்கட்டும், எழுந்திரிக்கிறேன்."

திங்கட்கிழமைகளில் நான் சொல்லும் சாக்குகள் அவளுக்கு மனப்பாடம். இது புதிது என்பதால் சற்று நின்று ரசித்துவிட்டுப் போர்வையை உருவினாள். எழுந்து உட்கார்ந்தேன். சுவரைப் பிடிக்கப் போனேன். சுவர் வேறெங்கோ இருந்தது. அப்போதுதான் அவள் முகம் மாறியது.

அறுபதுகளின் நடுவில், கடலூர் முதுநகரில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துகிறவனாக இருந்தேன். நாள் முழுக்கக் குனிந்து படிக்கும் வேலை. குனிந்தால் சுற்றும், நிமிர்ந்தால் சுற்றும், யாராவது வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் சுற்றும். நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தால் மட்டும் உலகம் என்னை மன்னித்தது. எனவே தலையைக் கண்ணாடிச் சாமான் பெட்டி மாதிரி தோள்மேல் வைத்துக்கொண்டு நடந்தேன். கூப்பிட்டவர்களிடம் முழு உடம்போடு திரும்பிப் பேசினேன். துறைமுகத்தில் கட்டுமரத்தைவிட்டு இறங்கி வருகிறவர்கள்கூட என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இந்த நடைக்குக் கடலூர் சரியான ஊர் இல்லை. அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு அமலில் இருந்தது, பாண்டிச்சேரியில் இல்லை. பஸ் ஏறிக் கண்ணயர்வதற்குள் பாண்டி வந்துவிடும். எனவே கடலூரில் ஒருவன் கால் பின்னி நடந்தால் அவன் எங்கே போய்விட்டு வருகிறான் என்று யாரும் கேட்பதில்லை. எந்த பஸ்ஸில் வந்தான் என்றுதான் கேட்பார்கள்.

"என்னா மச்சான், முதல் பஸ்லேயே போயிட்டு வந்துட்டியா?" என்றார் டீக்கடையில் ஒருவர். காலை எட்டு மணிக்கு.

"தலைசுத்தல்" என்றேன்.

"சுத்தத்தானே போறது" என்றார் அவர். கடையே சிரித்தது.

டாக்டரிடம் போனேன். அவர் கண்ணைப் பிதுக்கிப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். நான் அவருடைய மேஜையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "காதுக்குள்ள நம்மளை நேரா நிறுத்துற சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. அது கோவிச்சிக்கிட்டு இருக்கு. தானா சரியாவும்" என்றார்.

"எப்ப சார்?"

"அது கோவத்தைப் பொறுத்தது."

அவர் கொடுத்த மாத்திரை நன்றாகத் தூக்கம் தந்தது. தூங்கும்போது எனக்குத் தலை சுற்றியதில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

என் மனைவிக்குக் காதில் நம்பிக்கை இல்லை. பித்தம் என்றாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் வாயில் இரண்டு ஏலக்காய் போட்டு, கையில் முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். திரும்பி வந்ததும் ஒரு சொம்பு மோர். இதில் குமட்டல் கொஞ்சம் அடங்கியது உண்மை. ஆனால் வாய் நாற்றத்தை மறைக்க ஏலக்காய், தெளிய எலுமிச்சை, மறுநாளைக்கு மோர் என்று பாண்டியிலிருந்து திரும்புகிறவர்கள் வைத்திருக்கும் சாமான்களும் சாட்சாத் இவையே. நான் நிறையப் புத்தகம் படித்தவன். எந்தப் புத்தகத்திலும் இது போட்டிருக்கவில்லை.

இந்த நிலையில்தான் என் தங்கைக்கு வரன் வந்தது. அப்பா இல்லாததால் அவளுக்கு நான்தான் எல்லாம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். அதற்கு முன் வந்த இடங்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப் போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கிண்டல் வைத்திருந்தாள். ஆனால் இப்போதெல்லாம் கிண்டல் வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. எனக்கு அது கேட்டது.

வரன் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. அண்ணாமலை நகரில் ஒரு மாணவர் விடுதியில் கணக்கெழுதினான். பையன் அவனுக்குப் பழக்கம், அங்கேயே குமாஸ்தா வேலை, நல்ல பிள்ளை.

"பையனோட அப்பாதான் மாமா கொஞ்சம் கறார்" என்றான். "ரிட்டயர்டு ஏட்டு."

"போலீஸ்காரர்னா கறாராத்தான் இருப்பாரு."

"மதுவிலக்குப் பிரிவு மாமா. பஸ்ஸை நிறுத்தி வாயை ஊதச் சொல்லுறதுதான் ஆயுசு பூரா வேலை. அவரு மூக்கை வச்சே எத்தினியோ பேரு உள்ள போயிருக்காங்க. குடிக்கிறவன் வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு." கொஞ்சம் தயங்கி என்னை மேலும் கீழும் பார்த்தான். "அன்னிக்கி ஒரு நாள் மட்டும் நேரா நடங்க மாமா."

பெண் பார்க்கும் இடம் சிதம்பரம் கோயில். தற்செயலாகச் சந்தித்தது மாதிரி இரண்டு குடும்பமும் சந்தித்து, தற்செயலாக எல்லாரும் பட்டுச்சேலையில் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாசஞ்சர் ரயிலில் போனோம். ரயில் என்னைக் குலுக்கிய குலுக்கலில் பெரிய கோபுரம் தெரிந்தபோது அது எனக்கு வணக்கம் சொல்வது போல் சாய்ந்தது. நான் பதிலுக்குச் சாயவில்லை. மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

அம்மன் சந்நிதி மண்டபத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். ஏட்டய்யாவுக்கு வெள்ளை வேட்டி, வெட்டிய மீசை. எனக்கு அவர் மூக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. பையன் தரையைப் பார்த்தான். என் தங்கையும் தரையைப் பார்த்தாள். தரை வழியாக என்ன பேசிக்கொண்டார்களோ, இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அப்பாடா என்று நினைத்தேன்.

"தம்பி படிச்சவருன்னு சொன்னாங்க" என்றார் ஏட்டய்யா, மரியாதையாக. "மேல பாருங்க. இந்தக் கூரையில எழுதியிருக்குற சித்திரமெல்லாம் எந்தக் காலம்னு சொல்லுங்க பார்க்கலாம்."

மேலே பார்க்காமலே சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தவன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. நிமிர்ந்தேன். சித்திரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கைகோத்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். நான் விழாமல் இருக்க எதையோ பிடித்தேன். அது ஏட்டய்யா. இரு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் மூக்குக்கு நேராக, "பழைய காலம்" என்றேன்.

மடியிலிருந்த எலுமிச்சம்பழம் விழுந்து அவர் காலடியில் உருண்டது.

அவர் அதைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். மூக்கு இரண்டு முறை அசைந்தது.

"ஏலக்கா ஜாஸ்தி போடுவீங்களோ?" என்றார்.

"பித்தத்துக்குங்க."

"எல்லாரும் அதான் சொல்லுவாங்க" என்றார் அமைதியாக.

சொல்லி அனுப்புகிறேன் என்று போனவரிடமிருந்து அந்த வாரம் மைத்துனன் வழியாகத்தான் சேதி வந்தது. "பொண்ணைப் பத்திப் பேச்சே இல்ல, தங்கம்னு சொல்லிட்டாரு. அண்ணன்காரன் சரியில்லையாம். நான் தலைசுத்தல்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் மாமா. 'பிடிபட்ட எவன்டா ஆமான்னு சொல்லியிருக்கான்'னு கேக்குறாரு. யோசிக்கிறாராம்."

தங்கையைத் திரும்பிப் பார்த்தேன், முழு உடம்போடு. எந்த வரனுக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள், நேராக அடுப்படிக்குப் போனாள். பிறகு அங்கிருந்தே, "பரவாயில்லண்ணே. நீ விழுந்தது நல்லாத்தான் இருந்துது" என்றாள். குரல் சரியாக இல்லை. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது. என் தலை அவள் கல்யாணத்தைச் சுற்றிக் கவிழ்த்துவிட்டது என்பதும்.

என் மனைவி உடனடியாக நடவடிக்கையில் இறங்கினாள். எங்கள் பக்கத்து முருகனிடம், இந்தத் தலைசுற்றல் நிற்க வேண்டும் என்று அங்கப்பிரதட்சிணம் வேண்டிக்கொண்டாள்.

"நல்லது. எப்ப உருளப் போற?" என்றேன்.

"வேண்டிக்கிட்டதுதான் நானு. உருளுறது நீங்க."

"தலை சுத்துறவனை உருளச் சொல்லுறது எந்த ஊரு நியாயம்?"

"அதையெல்லாம் முருகன் பார்த்துக்குவாரு. நீங்க உருளுங்க."

கிருத்திகை அன்று காலையில் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு பிராகாரத்தில் நீட்டிப் படுத்தேன். மைத்துனன் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். கோணாமல் உருள உதவ ஒரு பக்கம் அவன், மறுபக்கம் தங்கை. முதல் புரளலிலேயே கோபுரம், தென்னை, மைத்துனன் எல்லாம் ஒரே குழம்பாயிற்று. முருகா என்று கத்தினேன். பக்தி என்று நினைத்து நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கோணிக்கோணிப் போய்ச் சுவரில் முட்டினேன், இழுத்து நேராக்கினார்கள், மறுபடி முட்டினேன். வயிறு வாய்வரை வந்து எட்டிப் பார்த்தது.

கோயிலைப் பாதி சுற்றியதும் ஏதோ நடந்தது. சுற்றல் தளர்ந்தது. மேற்கு மூலையில் திரும்பும்போது தென்னைமரம் தென்னைமரமாகவே நின்றது. கொடிமரத்தருகே வந்து எழுந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன். குனிந்து பார்த்தேன். வலப்பக்கம் வெடுக்கென்று திரும்பினேன். உலகம் அதன் இடத்தில் இருந்தது. அந்த வலப்பக்கத்தில் ஏட்டய்யா நின்றிருந்தார்.

மைத்துனன் என் காதோடு சொன்னான்: "வேண்டுதல்னு சொன்னேன் மாமா. பார்க்கணும்னு வந்துட்டாரு."

ஏட்டய்யா என்னை மண்டபத்துப் படியில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். அவர் குரல் அன்று இருந்தது போல் இல்லை, இளகியிருந்தது.

"தம்பி, இதுக்காகத்தானே வேண்டுதல்?" என்று கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார்.

"அவசரப்படாதீங்க. ஆயிரம் பேரைப் பார்த்திருக்கேன். நான் தொட்டதே இல்லைன்னு சாதிக்கிறவனை நம்பினதே இல்ல. அவன் வீட்டுல நான் சம்பந்தம் பண்ண மாட்டேன். ஆனா இருந்துது, சாமி முன்னாடி உருண்டேன், விட்டுட்டேன்னு ஒத்துக்குறவன் மனுஷன். அவனைக் கூடப் பொறந்தவனா வச்சிக்குவேன்."

துண்டோடு நின்ற தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். காய்ந்த துண்டு.

"எத்தினி நாளா இருந்துது?" என்றார்.

"மூணு மாசமாங்க" என்றேன்.

"தெனமுமா?"

"தெனமும்தாங்க. காலையில எழுந்திரிக்கும்போதுதான் ஜாஸ்தி."

"காலையிலேயேவா!" அவருடைய சர்வீசில் அப்படி ஒருவன் அகப்பட்டதில்லை போலிருந்தது. "இப்ப?"

"இப்ப நின்னுடிச்சிங்க."

ஒரு வார்த்தை பொய்யில்லை. மைத்துனனுக்கு இருமல் வந்து தூணுக்குப் பின்னால் போனான். ஏட்டய்யா என் ஈரத்தோளில் கை வைத்து, "தைரியம் தம்பி உங்களுக்கு" என்றார். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. பந்தலில் அவர் தம் உறவினர் ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, "பெரிய ஆளா இருந்தவரு. ஒரே நாள்ல விட்டாரு" என்று அறிமுகப்படுத்தினார். சிலர் என்னைத் தனியாக அழைத்துப் போய் வழி கேட்டார்கள். உருளச் சொன்னேன்.

இதை யாரும் வைத்தியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் சொன்னபோது, "கோவம் தணிஞ்சிருக்கும்" என்றார், அவ்வளவுதான். அது எப்போதாவது திரும்ப வரும். வந்தால் அறைக்கதவைச் சாத்திப் பாயை விரித்துச் சுவருக்குச் சுவர் உருளுவேன். சில நாள் கேட்கும். சில நாள் கேட்காது. வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லிக்கொள்ள வழியில்லை. குடியைவிட்ட ஒருவன் தலைசுற்றுகிறது என்று சொன்னால் உலகம் என்ன நினைக்கும்?

தங்கைக்குப் பிள்ளை பிறந்து சிதம்பரத்தில் தொட்டில் போட்டபோது அது வந்தது. தாய்மாமன் நான், குனிந்து குழந்தைக்குச் சங்கிலி போட வேண்டும். கூடத்தில் ஏட்டய்யா புதிய விருந்தாளிகளுக்கு என் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததுமுதல் நான் தூணைவிட்டு நகரவில்லை. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். சாமான் அறைக்குள் என்னைத் தள்ளி, ஒரு பாயை எறிந்து, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

நான் உருண்டேன். காலோ கையோ ஒரு பித்தளை அண்டாவில் பட்டது. அது கீழே விழுந்து ஊரைக் கூட்டியது.

"உள்ள என்னா சத்தம்?" என்றது ஏட்டய்யாவின் குரல்.

"பூனைங்க மாமா" என்றாள் தங்கை.

"பெரிய பூனையா இருக்கும்போல இருக்கே?"

"ஆமாம் மாமா. எங்க அம்மா வீட்டுப் பூனை."

அவர் சிரித்துக்கொண்டே கூடத்துக்குத் திரும்பிப் போவது கேட்டது. கதவுக்கு வெளியே என் தங்கை பிள்ளைக்குச் சத்தமாகத் தாலாட்டுப் பாட ஆரம்பித்தாள். நான் மறுபக்கச் சுவரை நோக்கி உருண்டேன்.