சுவைலிம் வீட்டு விருந்தாளி

ஓட்டை லாரியில் தண்ணீர் விற்றுப் பிழைத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்று மஆன் நகரச் சாலையில் ஓடும் தண்ணீர் லாரிகளில் பாதி என்னுடையவை. எங்கள் பக்கம் எந்தத் தகராறு என்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நானே கையைப் பிசைந்தது சுவைலிம் விவகாரத்தில்தான்.

சுவைலிம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். வெளிநாட்டிலிருந்து ஜோர்டானுக்குச் சேவை செய்ய வரும் மருத்துவ மாணவர்களைத் தன் வீட்டில் தங்கவைப்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. அந்த வருஷம் போலந்துக்கார மாரெக் வந்திருந்தான். படிப்பு முடியாதவன். நின்று பார்க்கலாம், கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு. சுவைலிமோ ஊர் முழுக்க அவனை டாக்டர் என்றே சொல்லித் திரிந்தான்.

சுவைலிமின் மனைவி ஹம்தாவின் அண்ணன் நஹார். நஹார் தன் மகன் ஃபுலைஹைக் கண்ணாடி கிழித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தான். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார்.

"அவருக்காக எதுக்குக் காத்திருக்கணும் மச்சான்? நம்ம வீட்டு டாக்டரே இருக்காரு!" என்றான் சுவைலிம்.

மாரெக் தலையாட்டி மறுத்தான். சுவைலிம் அவன் முதுகில் தட்டி உள்ளே தள்ளினான். மாரெக் தைத்தான். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு தங்கிவிட்டது. சீழ் பிடித்து இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"அந்தப் பய உன் வாசலைத் தாண்டட்டும், பாத்துக்கிறோம்" என்று நஹார் சொல்லி அனுப்பினான்.

வீட்டுக்கு வந்தவனை விட்டுக்கொடுக்க முடியாது. மச்சானோடு மோதவும் முடியாது. சுவைலிம் வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். மாரெக்கைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி அனுப்பலாம் என்றார் பெரிய டாக்டர்.

"என் விருந்தாளி திருடன் மாதிரியா போவான்?" என்று இவன் ஒற்றைக்காலில் நின்றான்.

உள்ளே மாரெக் திரையை விலக்கக்கூடப் பயந்து கிடந்தான். அவன் விமானமும் போய்விட்டது. ஹம்தா ரொட்டித் தட்டை 'டங்' என்று வைப்பாள்.

"உங்க டாக்டரத் திங்கச் சொல்லுங்க. என் அண்ணன் மகனுக்குச் சட்டைப் பித்தான் போட முடியல."

"மெல்லப் பேசுடி."

"அவருக்குத்தான் நம்ம பேச்சு புரியாதே. உங்களுக்குப் புரிஞ்சாச் சரி."

கடைசியில் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். சுவைலிமையும் கூட்டிப்போனேன். "நீ வாயே திறக்காதே. எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவைத்தேன். நஹார் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் காபி கொடுத்தார்கள். நான் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தேன். கேட்டது கிடைக்கும்வரை வாயில் வைக்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

"என்ன வேணும், அபூ நவ்வாஃப்?" என்று நஹார் என்னைக் கேட்டான்.

"அந்தப் பையன் பத்திரமா ஊர் போகணும்."

"ஒண்ணு கேக்கிறேன். அவன் டாக்டர்னு எனக்குச் சொன்னது யாரு?"

"ஆஸ்பத்திரியில ஏதோ குழப்பம்..." என்று இழுத்தேன். எத்தனையோ பஞ்சாயத்தைப் பேசியே முடித்தவன் நான்.

"உங்களக் கேக்கல."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் சுவைலிம் எழுந்தான்.

"நான்தான் மச்சான். அவன் படிக்கிற பையன். முடியாதுன்னான். நான்தான் பெருமைக்குப் பிடிச்சுத் தள்ளினேன்."

நஹார் அவனைப் பார்க்கவே இல்லை. என்னிடம் சொன்னான்: "குடிங்க. பையன் போகலாம். என் தங்கச்சி எப்பவும் போல வரலாம். இந்த ஆள் மட்டும் என் வாசலை மிதிக்கக் கூடாது."

மறுநாள் பட்டப்பகலில் சுவைலிமே மாரெக்கை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டான்.

இப்போது பெருநாளுக்குப் பெருநாள் ஹம்தாவை அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். போன பெருநாளில் நானே போய் வண்டிக் கதவைத் திறந்தேன்.

"இறங்குடா. என் பேச்சை எவன் தட்டுவான்?"

"நீங்க கூப்பிட்டா ஆகாது. மச்சான் கூப்பிடணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.