சிறந்த ஆட்டக்காரனை உட்கார வைத்தவர்

ஐம்பதுகளில் பிரேசர் டவுன் பள்ளியொன்றில் டிரில் மாஸ்டராக இருந்தார் அவர். கட்டையான உருவம், காக்கி நிக்கர், கழுத்தில் விசில். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே முகம். கால்பந்து லீக்கில் ஓர் ஆட்டம் விட்டு ஓர் ஆட்டம், அணியின் சிறந்த ஆட்டக்காரனை வெளியே உட்கார வைத்துவிடுவார். அந்த ஆட்டக்காரன் என் மகன். ஒருநாள் அணி தோற்றதும் நேரே சண்டைக்கே போய்விட்டேன்.

"இவன் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே, மாஸ்டர்!"

"ஆமா சார். இவன் இல்லன்னா தோத்துடுறாங்க இல்ல, அதைத்தான் சரி பண்ணிட்டிருக்கேன்."

இறுதியாட்டம் வந்தபோது மகன் டைபாய்டில் படுத்திருந்தான். அவனில்லாமலே ஜெயித்தார்கள். செய்தி கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினான். தோற்றிருக்கலாமே என்று நினைத்தவன் நான்தான்.