வசந்தி அக்கா அமைதியானவர் அல்ல

திங்கட்கிழமை காலை. சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் எங்கள் பஸ் நகராமல் நின்றபோது, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி மோதி வசந்தி அக்கா இறந்துவிட்டார். அதற்குக் கீழே உடனே ஒருவர் எழுதியிருந்தார்: "எல்லாம் விதி." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. வண்டி தாங்காத அளவுக்குக் கல் ஏற்றியது விதியா? அந்தச் சாலையில் வேகத்தடை கேட்டு ஊர்க்காரர்கள் மறியல் செய்தபோது, "பார்க்கிறோம்" என்று சொல்லிப் போனவர்கள் விதியா?

எங்கள் எம்.ஏ. வரலாற்று வகுப்பில் எல்லாருக்கும் மூத்தவர் அவர். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு வருவார். நிலமில்லாத கூலிக் குடும்பம். பருத்தி எடுக்கும் பருவத்தில் விரல் நுனியெல்லாம் கீறலோடுதான் பேனா பிடிப்பார்.

ஒருநாள் காலனி ஆட்சிக்கால வணிகம் பாடம். வசந்தி அக்கா எழுந்தார். "சார், நம்ம பருத்தி கப்பல்ல போயி, துணியாத் திரும்பி வந்து, நம்ம நெசவுக்காரங்களையே பட்டினி போட்டுச்சுன்னு முந்தின பக்கத்துல இருக்கு. இந்தப் பக்கத்துல 'வணிகம் செழித்தது'ன்னு இருக்கு. யாருக்குச் செழிச்சுது?"

"அது பரீட்சைக்கு வராதும்மா. உக்காருங்க."

"வராததாலதான் சார் கேக்குறேன்."

வகுப்பு சிரித்தது. அவர் உட்காரவில்லை, மணி அடிக்கும் வரை நின்றார்.

நான் பேரரசுகளைப் பற்றி நிறையப் படித்தவள். வரைபடத்தில் ஒரே நிறம் கண்டம் விட்டுக் கண்டம் பரவுவதைப் பார்த்து வியந்தவள். அதை அவரிடம் சொன்னபோது, "அந்த நிறத்துக்கு அடியில ஊருங்க இருக்குல்ல?" என்றார். அதன்பிறகு எந்த வரைபடத்தையும் என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வகுப்பாகப் போனோம். தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீரை ஏற்றி வந்த கதையை வழிகாட்டி பெருமையோடு சொன்னார். "ராஜாங்க தலையில குடம் இருந்துச்சு, சரி. அவ்வளவு தூரம் நடந்த படைக்குச் சோத்து மூட்டைய யாரு தலையில வச்சாங்க?" என்று கேட்டார் வசந்தி அக்கா.

"எங்க வந்தாலும் மூட்டையைத்தான் பாப்பீங்களாக்கா?" என்று வகுப்புத் தோழன் பிரபு கிண்டலடித்தான்.

"எங்க வூட்ல எல்லாரும் மூட்டை தூக்குனவங்கடா தம்பி. எனக்கு அதான் முதல்ல தெரியும்."

திரும்பும் வழியில் நான் விடவில்லை. "கோபுரம் அழகா இல்லையாக்கா?"

"அழகா இல்லன்னு எவ சொன்னா? அழகாத்தான் இருக்கு. அதனாலதான் கோவம் வருது."

கடைசியாக அவர் மேடையேறியது துறைக் கருத்தரங்கில். தலைப்பு, போரும் வணிகமும். "அபின் வேணாம்னு ஒரு நாடு சொல்லுது. வாங்கித்தான் ஆகணும்னு பீரங்கியோட போறாங்க. இதுக்குப் பேரு தடையில்லா வணிகம்" என்று தொடங்கினார். பிறகு தன் ஊருக்கு வந்தார். சுரங்கத்துக்கு நிலம் விற்றவர்களுக்குப் பணமாவது கிடைத்தது. அதே நிலத்தில் தலைமுறையாக வேலை செய்தவர்களுக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் அவர்கள் பெயரில் பட்டா இல்லை என்றார். "உலக வரலாறு மட்டும் பேசுங்க" என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. "அரியலூரு எந்த உலகத்துல சார் இருக்கு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமலே மிச்சத்தையும் பேசிவிட்டுத்தான் இறங்கினார்.

இப்போது கல்லூரி வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் தொங்குகிறது. அவர் படத்துக்குக் கீழே, "அமைதியே உருவானவர்."

அதை அடிக்கக் கொடுத்தவன் பிரபு. அவனையும் கூட்டிக்கொண்டு ஃபிளெக்ஸ் கடைக்கே போய் மாற்றச் சொன்னேன். "பொம்பளைங்க படம்னா இந்த வரிதாம்மா போடுவோம். ஆம்பளைங்கன்னா 'உழைப்பால் உயர்ந்தவர்'" என்றார் கடைக்காரர். "விடு, செத்தவங்களப் பத்தி நல்லதாத்தானே போட்டிருக்கு" என்றான் பிரபு. நல்லதா? உயிரோடு இருந்தபோது மைக்கை அணைத்தோம். இறந்தபின் அவர் பேசவே இல்லை என்று எழுதி வாசலில் கட்டிவிட்டோம். தோற்றவர்களின் வரலாறு எப்படிக் காணாமல் போகிறது என்று இனி எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

நண்பர்களே, வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டத்தில் வழக்கம்போல் மௌனம் காக்கச் சொல்வார்கள். நான் எழுந்து நிற்பேன்; மௌனமாக நிற்க மாட்டேன். சுரங்கத்துக்குப் போன நிலத்தில் உழைத்தவர்களைப் பற்றி அவர் பேசியதை அங்கே சொல்வேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை, குரல் நடுங்கும். நடுங்கட்டும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை ஆற விடப்போவதில்லை.