அழித்த பென்சில் குறிகள்

போலீஸ் கைரேகைப் பிரிவில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி அக்கா’ என்று பெயர். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். பழைய அட்டைகளை வைத்துக்கொண்டு வரிகளை எண்ணி எண்ணித் தானாகவே தொழிலைப் பிடித்தாள். தேர்வு எழுதி ஆய்வாளர் மேசைக்கு வந்து இருபது வருடமாகிறது. யாரையும் லேசில் நம்பமாட்டாள். வீட்டில் தண்ணீர் கொடுக்கும்போதுகூடக் கணவர் டம்ளரைத் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார். “எதுக்கு வம்பு, நாளைக்கு என்னையே பிடிச்சுக் குடுத்துடுவா” என்பார்.

அன்று காலை வந்த உறையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கத்திலிருந்து எடுத்த விரல் தடம். மற்றது, அந்தக் கடையைப் பெருக்கித் துடைக்கும் பெண்ணின் கட்டைவிரல். அந்தப் பெண் எட்டு மாதமாகச் சிறையில் இருக்கிறாள். இரண்டும் ஒரே விரல்தானா என்று மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தது நீதிமன்றம். உறைமேல் ‘இரண்டாம் பார்வை’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. முதலில் பார்த்தவர் யார், என்ன சொன்னார் என்பது இரண்டாவதாகப் பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. அதனால் வழக்கு எண்ணைக்கூட மறைத்திருந்தார்கள்.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தபோதுதான் அது தட்டுப்பட்டது. இரண்டு படங்களிலும் வரிகள் ஒத்துப்போகும் ஒன்பது இடங்களில் பென்சில் குறி போட்டு அழித்திருந்தது. கரி போயிருந்தது, பள்ளம் போகவில்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. இதோ விடை, நீயும் தலையாட்டு என்கிறார்கள். வேறு யார், எதிர் மேசைக்காரர்தான். போன வாரம்தான் அவருடைய முடிவு ஒன்றை அவள் தப்பென்று திருப்பியிருந்தாள்.

படங்களை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

“இது உங்க வேலையா?”

“எது அக்கா?”

“பென்சில். அழிச்சா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

அவர் படத்தை விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது போலிருந்தது. “அக்கா, நான் புள்ளிதான் வைப்பேன். இது கீறல். அதுவும் எல்லாம் இடப்பக்கமா சாயுது. இங்க இடது கைக்காரங்க எத்தனை பேர் இருக்காங்க?”

அவள் தன் கையைப் பார்த்தாள். பென்சில் அவளுடைய இடது கையில்தான் இருந்தது.

பதிவேடு அறைக்குப் போய், உறைமேல் எண்ணை மறைத்திருந்த தாளைப் பிரித்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டாள். நூற்றுக்கணக்கில் பார்க்கும் படங்களில் இது அவளுக்கு நினைவில்லை. எட்டு மாதத்துக்கு முன், முதல் ஆய்வு: அவள் பெயர். ‘பொருந்துகிறது’: அவள் கையெழுத்து. வேலை முடிந்ததும் குறிகளை அழித்துவிட்டுக் கொடுப்பதும் அவளுடைய பழக்கம்தான். குமாஸ்தா கவனிக்காமல் அதே படங்களை அவளுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், ஏன் ஒன்பதோடு நிறுத்தினோம் என்று இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். பத்தாவது இடத்தைத் தேடினாள். பெட்டியில் கிடைத்த தடத்தில் அங்கே ஒரு வரி இரண்டாகப் பிரிந்தது. பெருக்கும் பெண்ணின் விரலில் அதே வரி பிரியாமல் நேராக ஓடியது. அன்றைக்கும் இதைப் பார்த்திருக்கிறாள். தடம் எடுக்கத் தூவிய பவுடர் அப்பியிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லியிருக்கிறாள். ஒரே விரல் ஒரு இடத்தில் பிரிந்தும் பிரியாமலும் இருக்காது. பவுடரும் இல்லை, கறையும் இல்லை. வரி தெளிவாகவே பிரிந்தது. இது வேறு யாருடைய விரலோ.

‘பொருந்தவில்லை. முதல் ஆய்வில் தவறியதும் நானே. மூன்றாவதாக ஒருவர் பார்க்க வேண்டும்’ என்று எழுதித் தலைமை ஆய்வாளரிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு முறை படித்தார். “நல்லா யோசிச்சு எழுதும்மா. வேலைக்கே உலை வெச்சுடும்.”

“யோசிக்காமதான் சார் போன தடவை எழுதினேன். அந்தப் பொண்ணு உள்ள இருக்கா.”

அவர் நீதிமன்றத்துக்குத் தொலைபேசியை எடுத்தார். மூன்றாம் பார்வைக்கு எதிர் மேசைக்காரரைக் கூப்பிட்டார். புதிதாகப் பிரதி எடுத்த படங்களோடு உட்கார்ந்தவர், மாலைதான் தலையை நிமிர்த்தினார். “வேற விரல்தான்” என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் மேசையில் உறைக் கட்டு ஒன்றை அவர் கொண்டுவந்து வைத்தார்.

“இந்த வருஷம் நான் பொருந்துதுன்னு சொன்னதெல்லாம் இதுல இருக்கு. நீங்க பாருங்க. உங்களோடதை நான் எடுத்துக்கறேன்.”

அவள் மேலுறையைப் பிரித்து, படத்தை விளக்கில் சாய்த்தாள்.

“புள்ளியெல்லாம் அப்படியே இருக்கா? அழிக்கலையே?”

“அழிக்கலை.”

“அதையும் பாத்துட்டுத்தான் நம்புவேன்” என்று பையைத் திரும்ப நாற்காலியில் மாட்டினாள்.