கயிறு இழுத்தால் கிளம்பும் மோட்டார்

புதுவாயலில் எங்கள் வீட்டுக்கு சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான். அது தெரிந்தும், கும்மிடிப்பூண்டியில் மூடப்போகும் ஒரு மரப்பட்டறையிலிருந்து த்ரீ ஃபேஸ் இழைப்பு மெஷினை வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பலகையை ஒரு பக்கம் நீட்டினால், உருளைகள் அதை உள்ளே இழுத்து, மறுபக்கம் வழவழவென்று வெளியே தள்ளும். பட்டறையில் பார்த்தபோது அப்படித்தான் செய்தது. எங்கள் வீட்டுக் கரண்டில் 'ம்ம்ம்' என்று முனகியதோடு சரி.

என்னோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் நண்பன், காயலான் கடையிலிருந்து ஒரு பெரிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இது சும்மா சுத்திக்கினே இருக்கும் மச்சான். நம்மகிட்ட இல்லாத ஃபேஸை இதுவே செஞ்சி மெஷினுக்குக் குடுக்கும். ஆனா தானா கெளம்பாது. அச்சுல கயிறு சுத்தி இழுத்து வுடணும்."

நான் இழுத்தேன், அவன் சுவிட்சைப் போட்டான். வீட்டு விளக்கெல்லாம் மங்கித் தெளிந்தன. மெஷின் ஓடியது. பலகை பளபளவென்று வெளியே வந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

மறுநாள் அவனுக்கு ஷிஃப்ட். மனைவியைக் கூப்பிட்டேன். சுவிட்ச் என்றால் பயம், கயிறு வேண்டுமானால் இழுக்கிறேன் என்றாள். என்னைவிட நன்றாகவே இழுத்தாள். நான் பலகையை நீட்டினேன். மெஷின் அதை வாங்காமல் என் வயிற்றுக்கே திருப்பித் தள்ளியது. மறுபடி நீட்டினேன். மறுபடியும் தள்ளியது.

"மெஷினுக்கே உங்க வேல புடிக்கல போல" என்றாள்.

நண்பனுக்கு போன் போட்டேன். "ரிவர்ஸ்ல ஓடுது. மெஷின்ல ரெண்டு ஒயரை மாத்திப் போடு" என்றான். மாற்றினேன், சரியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது பெருமையாக நானே கயிற்றை இழுத்தேன். பலகை மீண்டும் வயிற்றில் இடித்தது.

"நீ ஒயரை மாத்தவே இல்ல."

"மாத்தினேன்டா!"

முறைத்துக்கொண்டே அவன் மாற்றிவிட்டுப் போனான். அடுத்த நாள் மனைவி இழுத்தாள். ரிவர்ஸ். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன், கற்பூரம் காட்டினேன். மெஷின் மசியவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பன் டீ குடித்தபடி, என் மனைவி கயிறு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று புரையேறி, சட்டையெல்லாம் டீ.

"தங்கச்சி, நீ லெஃப்ட் ஹேண்டா?"

"ஆமாண்ணா. இன்னா இப்போ?"

இடது கைக்காரி கயிற்றை எனக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி இழுத்திருக்கிறாள். எந்தப் பக்கம் கிளப்பிவிட்டாலும் அந்த மோட்டார் அந்தப் பக்கமே ஓடும். மெஷினும் அதன் பின்னாலேயே போகும். அவள் கையை நான் தினமும்தான் பார்க்கிறேன். மண்டையில் ஏறவே இல்லை.

"இனிமே வலது கையால இழு" என்றேன்.

"என் கைய மாத்த முடியாது. உங்க ஒயரை மாத்திக்கோங்க."

நண்பன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

அதன்பிறகு மெஷின் அவள் கைக்குத்தான் ஓடுகிறது. அவள் வேலைக்குப் போன ஒரு நாள், சுவிட்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே இடது கையால் இழுத்துப் பார்த்தேன். கயிறு நழுவி, மரத்தூள் குவியலில் மல்லாந்து விழுந்தேன். துணி காயப்போட வந்த எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, பட்டப்பகல்ல படுத்துக்கினு கீற?"

"மோட்டாரு கெளம்பட்டும்னு பாத்துக்கினு கீறேன்க்கா" என்றேன்.