வலது கைப் போர்வை, இடது கைப் போர்வை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. நான் மூன்று வாரம் உட்கார்ந்து கையால் தைத்த போர்வையை ஒரு நர்ஸ் இரண்டே விநாடியில் உருவிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். என் கண் முன்னாலேயே!

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

வில்லியனூரில் எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சனிக்கிழமைதோறும் என் வீட்டு ஹாலில் கூடுவோம். பழைய காட்டன் புடவைகளைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, போர்வை தைப்போம். யூடியூபில் இதற்கு ‘க்வில்ட்’ என்று பெயர். என் வீட்டுக்காரர் வைத்த பெயர், ‘இந்த வெயிலுக்கு இது தேவையா?’

தேவைதான். எங்கள் குழுவின் தலைவி சரோஜா டீச்சர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையோ பார்க்க டயாலிசிஸ் வார்டுக்குப் போயிருக்கிறார். ரத்தம் வெளியே போய், மெஷினில் சுத்தமாகித் திரும்பி வருகிற நாலு மணி நேரமும் அங்கே படுத்திருப்பவர்களுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறதாம். மேலே ஏசி வேறு.

பன்னிரண்டு போர்வை தைத்தோம். ஒவ்வொன்றின் நடுவிலும் டீச்சர் ஒரு சிவப்பு இதயம் வரைந்து, ‘விரைவில் நலம் பெறுக’ என்று எம்ப்ராய்டரி போடச் சொன்னார். போட்டோம். டீச்சர் சொன்னால் மறுத்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை.

சும்மா கொடுத்துவிட முடியுமா? விழா வைத்தோம். பிரமுகர் ஒருவரைக் கூப்பிட்டோம். பேனரில் அவர் முகம் கதவு அளவு. எங்கள் பெயர்கள் துவரம்பருப்பு அளவு. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பிரமுகர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். வந்ததும் அவருக்குப் பொன்னாடை. ஆக, நோயாளிகளுக்குப் போர்த்துகிற விழாவில் முதல் போர்வை விழுந்தது, ஒரு நோயும் இல்லாதவர் தோளில். நானும் கைதட்டினேன். பொய் சொல்வானேன்?

முதலில் செல்வியைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயது, திருவாண்டார்கோயில். பக்கத்தில் ஒரு துணி கம்பெனியில் டெய்லராக இருந்தவர். நாலு வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

“மேடம், கொஞ்சம் பேஷன்ட் மாதிரி இருங்க,” என்றார் போட்டோகிராபர்.

“நாலு வருசமா அப்டித்தான் இருக்கேன். இன்னும் இன்னா பண்ணணும்?” என்றார் செல்வி.

அடுத்த வியாழக்கிழமை நான் வார்டுக்குப் போனேன். போர்வை எப்படி உபயோகப்படுகிறது என்று பார்க்கத்தான் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் போனது... நன்றி வாங்க.

எங்கள் போர்வை ஒன்று ஸ்டூல் மேல் கிடந்தது. இன்னொன்று, துணைக்கு வந்தவரின் தலைக்கு அடியில். கட்டிலில் படுத்திருந்த செல்வி மட்டும் என்னைப் பார்த்ததும் பையிலிருந்து எடுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டார். எனக்கு மனசு நிறைந்தது. அப்போதுதான் நர்ஸ் வந்து உருவியது.

“ஊசி போட்ட கை எப்பவும் என் கண்ணுல படணும் மேடம். உள்ளுக்குள்ள ஊசி நழுவிச்சுன்னா, ரத்தம் எல்லாத்தையும் இந்தப் பஞ்சு குடிச்சிடும். வெளிய தெரியவே தெரியாது. உயிரே போயிடும்.”

“தெரிஞ்சும் ஏம்மா போத்தின?” என்று செல்வியைக் கேட்டேன்.

“நீங்க அவ்ளோ ஆசையா வந்து நிக்கிறீங்க. அதான்க்கா.”

யாருக்கு யார் ஆறுதல் கொடுத்தது, பாருங்கள்.

அவரே பேச்சைத் தொடர்ந்தார். “ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? இது ரொம்ப கனம். தொவச்சா ரெண்டு நாளைக்குக் காயாது. அப்பறம் இந்த எழுத்து... பக்கத்து பெட்டு தாத்தா கண்ணாடி போட்டுக்கினு அத்தப் படிச்சிட்டு, நான் எப்ப நலம் பெறுவன்னு டாக்டராண்ட கேக்குறாரு. இது தீர்ற நோவாக்கா? டாக்டரு இன்னா சொல்லுவாரு, பாவம்.”

நான் குனிந்து போர்வையை எடுத்து மடித்தபோது அவர் கேட்டார்: “உங்க வூட்ல நல்ல கத்திரி இருக்குதா?”

சனிக்கிழமை பஸ் பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். டயாலிசிஸ் இல்லாத நாள். என் போர்வையைத் தரையில் விரித்து, ஒரு பக்கம் தோள் வரும் இடத்திலிருந்து முழங்கை தாண்டி நேராக வெட்டினார். பிறகு பஞ்சை உருவி வெளியே போட்டார். இரண்டு அடுக்குக் காட்டன் போதுமாம். எங்கள் தையலை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். பிரிந்தது.

சரோஜா டீச்சர் இதயத்தைக் காப்பாற்றப் பார்த்தார். “அப்ப வாழ்த்தே வேணாமா?”

“வேணாம் டீச்சர். அதுக்குப் பதிலா வலது கையா, எடது கையான்னு எழுதுங்க. யாருக்கு எந்தக் கையில ஊசியோ, அந்தப் பக்கம் தொறப்பு இருக்கணும். மாத்திக் குடுத்துட்டா நர்ஸம்மா மறுபடியும் கடாசிடும்.”

முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் திருத்திக் கொடுத்த டீச்சர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சிவப்பு நூலில் ‘வலது’ என்று எழுத ஆரம்பித்தார்.

பன்னிரண்டையும் வார்டிலிருந்து திரும்ப வாங்கிப் பிரித்துத் தைக்க மூன்று சனிக்கிழமை ஆனது. இரண்டாவது சனிக்கிழமை செல்விக்குக் கால் வீங்கி வர முடியவில்லை. போனிலேயே அதட்டினார்.

இந்த முறை விழா இல்லை. செல்வியே ஒவ்வொரு கட்டிலாகக் கொடுத்துவிட்டு, தன் கட்டிலில் போய்ப் படுத்தார். நர்ஸ் வந்தார். ஊசி போட்ட கைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. எதையும் உருவாமல் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் செல்வி தூங்கிப்போனார். நடுக்கம் இல்லை. இந்த வார்டில் அவர் தூங்கி இன்றுதான் பார்க்கிறேன் என்றார் நர்ஸ்.

யாராவது ‘இதை யார் தைத்தது?’ என்று கேட்பார்களா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஆசை விடுமா? பக்கத்துக் கட்டில் தாத்தா கழுத்து வரை போர்த்திக்கொண்டு என்னையே பார்த்தார். நான் குனிந்தேன்.

“கொஞ்சம் ஒத்தி நில்லும்மா. டிவி மறைக்குது.”

தள்ளி நின்றேன் — அன்றைக்கு நான் செய்த உருப்படியான உதவி அதுதான்.